பெயரில்லாத வழக்கு

ஹைதராபாத்தில் மனையைக் கஜத்தால் அளக்கிறார்கள். ‘இருநூறு கஜம்’ என்று ஒருவர் சொன்னால் அது இருநூறு சதுர கஜம் என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரட்டையர் ஆடும் இறகுப்பந்துக் களத்தின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் நூறு சதுர கஜத்துக்குச் சற்றே குறைவு. ஆகவே 200 கஜ மனையில் ஒரு களமும், அதைச் சுற்றி நடக்க இடமும், மூலையில் உட்கார ஒரு சிமெண்டுத் திண்ணையும் அமைந்துவிடும். களத்தின் விளக்குக் கம்பத்துக்கும் அண்டை வீட்டுப் படுக்கையறைச் சன்னலுக்கும் இடையில் மிஞ்சுவது சில அடிகள்தாம். நகரின் வடகிழக்கு ஓரமான குஷாய்குடாவில், ஒரு சந்தில், இரண்டு வீடுகளுக்கிடையே எழுந்த மனத்தாங்கலுக்கு இந்த எளிய கணக்கே வேர்.

குஷாய்குடா நெடுங்காலம் நகரத்துக்கு வெளியே கிடந்த ஊர். 1967இல் ஈ.சி.ஐ.எல். என்னும் மின்னணுக் கழகம் அதன் அருகே தொடங்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அணு எரிபொருள் வளாகம் வந்தது. செர்லபள்ளியில் தொழிற்பேட்டை வளர்ந்தது. கடலோர ஆந்திரத்திலிருந்தும் ராயலசீமையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் சுற்றியிருந்த நிலத்தில் மனை வாங்கினார்கள். ஈ.சி.ஐ.எல்.லை உருவாக்கிய ஏ.எஸ். ராவின் பெயரிலேயே பக்கத்தில் ஒரு குடியிருப்பு எழுந்தது. 2007இல் காப்ரா நகராட்சி பெருநகர மாநகராட்சியோடு இணைந்தது. ஒரு மனையில் வீடு கட்டி, அடுத்த மனையைப் பிள்ளைகளுக்கென்று வெறுமனே போட்டு வைத்தவர்கள் அங்கே உண்டு. பிள்ளைகள் சிலர் கடல் கடந்து போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். இந்தச் சந்தில் திரும்பி வந்த மகன் ஒருவர், தந்தை விட்டுச் சென்ற மனையில் வீட்டுக்குப் பதிலாகக் களம் போட்டார்.

அவருடைய நியாயத்தை முதலில் சொல்லிவிடுவதே முறை. ஹைதராபாத் இறகுப்பந்தின் ஊர். 2012 லண்டனில் சாய்னா நேவாலும், 2016 ரியோவில் பி.வி. சிந்துவும் பதக்கம் வென்ற பிறகு, ‘ஷட்டில்’ ஆடாத குழந்தையைத் தேடத்தான் வேண்டும். ஆனால் கோபிசந்தின் பயிற்சிக்கூடம் இருப்பது கச்சிபௌலியில், நகரின் மறு கோடியில். மே மாதத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். பள்ளியும் கோச்சிங்கும் முடிந்து குழந்தைகள் வீடு சேர மாலை ஆறரை ஆகும். வேலைக்குப் போனவர்கள் திரும்ப எட்டாகும். இறகுப்பந்துக்குப் பகற்காற்று பகை. இரவில்தான் காற்று அடங்கும். இந்தியாவில் ஒருநாள் கிரிக்கெட் முதன்முதலாக மின்விளக்கில் நடந்தது 1984 செப்டம்பரில், தில்லியில். அன்று பேரரங்குகளுக்கே உரியதாக இருந்த அந்த ஆடம்பரத்தை மலிவான எல்.இ.டி. விளக்குகள் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. சந்தின் குழந்தைகள் பன்னிரண்டு பேர் அந்தக் களத்தில் காசு கொடுக்காமல் ஆடினார்கள். கைப்பேசியை வைத்துவிட்டு வியர்வை சிந்தினார்கள். இதைக் குற்றம் என்று யார் சொல்ல முடியும்?

அடுத்த வீட்டின் நியாயமும் அதே எடை உடையது. அங்கே இருப்பது ஒரு தமிழ்க் குடும்பம். கணவர் பொதுத்துறை நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவிக்குக் கண்புரை அறுவை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கூசும் ஒளி அவருக்கு ஆகவில்லை. மருமகள் செவிலியர், காலைப் பணிக்காக ஐந்தரைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதால் ஒன்பது மணிக்குப் படுப்பவர். களத்தின் நான்கு கம்பங்களில் ஒன்று அவர்கள் மதிலுக்கு நேரே நின்றது. இரவு ஏழு மணி முதல் படுக்கையறைச் சுவரில் சன்னல் கம்பிகளின் நிழல் கட்டம் கட்டமாக விழுந்துகிடக்கும். திரை போட்டால் ஒளி போகும், காற்றும் போகும். மொட்டை மாடியில் துணி எடுக்கவோ காற்றாட உட்காரவோ பெண்கள் ஏறுவது நின்றுபோனது. ஏறினால் களத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர்கள் மேடையில் நிற்பதுபோல் தெரிந்தார்கள்.

முழுநிலவின் ஒளி தரையில் ஏறக்குறைய 0.3 லக்ஸ்தான் இருக்கும். ஓரளவு நன்றாக ஆடக் களத்துக்கு 300 லக்ஸ் வரை வேண்டும். அதாவது ஆயிரம் முழுநிலவு. அதில் நூற்றில் ஒரு பங்கு மதில் தாண்டினாலும் அண்டை வீட்டில் பத்து நிலவு காயும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ‘கூல் ஒயிட்’ விளக்கில் நீல ஒளி மிகுதி. உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் சுரப்பை அதிகம் தடுப்பதும் அந்த நீல ஒளியே.

அந்த அம்மாள் ஒருநாள் இரவு மதிலோரம் நின்று கேட்டார். “லைட்டு கொஞ்செம் தீசேஸ்தாவா பாபூ?” களத்துக்காரர் முகம் சுருங்கியது. “அதெப்படி முடியும் ஆன்ட்டி?” என்று தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார். அன்று தொடங்கியது பேச்சற்ற காலம்.

இந்தச் சிறு உரையாடலைச் சற்று நிறுத்திக் கேட்க வேண்டும். ‘தீசெய்’ என்ற தெலுங்கு வினைக்கு ‘எடுத்துவிடு, அகற்று’ என்பதே அடிப்படைப் பொருள். விளக்கையோ மின்விசிறியையோ நிறுத்தச் சொல்லவும் பலர் அதையே வழங்குகிறார்கள். அந்த அம்மாள் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கடலோர மாவட்டத்து அண்டை வீட்டாரிடம் தெலுங்கு கற்றவர். அவர் கேட்டது ‘இன்றைக்கு நிறுத்துகிறாயா’ என்பதை. களத்துக்காரர் தெலங்காணாவில் பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டில் விளக்கை ‘பந்த் செய்’ என்பார்கள். ஆகவே கம்பத்தில் பொருத்திய விளக்கைப் பற்றி ‘தீசெய்’ என்று கேட்டதும், ‘கழற்றி எடுத்துவிடு’ என்பதே அவர் காதில் விழுந்தது. ஒரு மணி நேரத்தைக் கேட்டவரிடம் களத்தையே கேட்டதாக ஒருவர் எண்ணிவிட்டார். இந்தப் பொருள்மயக்கம் இருவருக்கும் தெரியவர ஏழு மாதங்கள் ஆயின.

சொல் மாறிப் போனது தற்செயல். ஆனால் தயங்கித் தயங்கிக் கேட்டது தற்செயல் அன்று. விளக்கை நிறுத்தச் சொல்வது இரு மொழிகளிலும் எளிதான பேச்சில்லை. தமிழ் வீடுகளில் சாமி விளக்கை ‘அணை’ என்று சொல்லக் கூசுவார்கள். ‘அமர்த்து’ என்பார்கள், ‘குளிர வை’ என்பார்கள். தெலுங்கில் தீபம் அணைவதில்லை. ‘கொண்டெக்கிந்தி’, அதாவது மலையேறிவிட்டது. விளக்கு மங்கலம், அது எரிய வேண்டியது, அதை நிறுத்தச் சொல்பவர் அமங்கலத்தைச் சொல்பவர். இந்த மரியாதை எண்ணெய் விளக்குக்கு உரியது. இருநூறு வாட் மின்விளக்குக்கு அது எந்த வகையிலும் உரியதன்று. ஆயினும் கேட்கும் நாக்கு பழைய கூச்சத்தையே சுமந்துகொண்டு வருகிறது. ‘சத்தத்தைக் குறை’ என்று அண்டை வீட்டாரிடம் சொல்ல ஒரு வழக்கு உண்டு. ‘வெளிச்சத்தைக் குறை’ என்று சொல்ல வழக்கு இல்லை.

வழக்கு என்ற தமிழ்ச்சொல்லுக்கு இரண்டு பொருள். மக்கள் நாவில் புழங்குவதும் வழக்கு. மன்றத்தில் தொடுப்பதும் வழக்கு. முதலாவது இல்லாத இடத்தில் இரண்டாவதும் தடுமாறும் என்பதற்கு இந்தியச் சட்டமே சான்று. 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் மாசு என்பது திட, திரவ, வாயுப் பொருளாக வரையறுக்கப்பட்டிருந்தது. 1987இல் அதைத் திருத்தி, ‘ஓசை உட்பட’ என்று சேர்த்தார்கள். எடையில்லாத ஓசையைச் சட்டம் ஒரு சொற்றொடரால் பொருளாக்கிற்று. பின்னர் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் ஆறு மணி வரை. காவலரிடம் முறையிடும் எவரும் கையில் பிடித்துக்கொள்ள இப்படி ஓர் எண்ணும் ஒரு நேரமும் கிடைத்தன. ஒளிக்கு அந்தத் திருத்தம் வரவில்லை. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் மாசுபடுத்தி என்பது திட, திரவ, வாயுப் பொருள்தான். ஒலி, ஒளி என்று தமிழில் ஒரே ஓர் எழுத்து வேறுபாடு. பலருடைய பேச்சில் அதுவும் கேட்காது. சட்டத்திலோ அந்த ஓர் எழுத்து ஒரு மதிலாக நிற்கிறது.

பழைய சட்டம் ஒளியை அறியாததன்று. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், முதலில் சென்னை மாகாணம் உள்ளிட்ட பகுதிகளுக்கு இயற்றப்பட்டது, ஒளியைப் பற்றி நிறையவே பேசுகிறது. ஒரு கட்டடத்துக்கு இருபது ஆண்டு இடையூறின்றி வந்த ஒளியை அண்டை வீட்டார் மறைக்கக் கூடாது என்கிறது. வீட்டுக்காரரின் உடல் நலத்தையும் வசதியையும் ஓசையாலும் அதிர்வாலும் கெடுக்கக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தின் உலகில் ஒளி எப்போதும் விரும்பப்படுவது. அண்டை வீட்டார் செய்யக்கூடிய தீங்கு அதைத் தடுப்பது ஒன்றே. வேண்டாத ஒளியைச் சன்னலுக்குள் அனுப்புவதும் தீங்காகலாம் என்பதைச் சிமினி விளக்குக் காலத்தில் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். தொல்லை பற்றிய பொதுவான சட்டம் இல்லாமலில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 270ஆம் பிரிவு பொதுத் தொல்லையை வரையறுக்கிறது. உரிமையியல் மன்றத்தில் தடையாணையும் கேட்கலாம். ஆனால் எண்ணும் நேரமும் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தம் தொல்லையைத் தாமே முதலிலிருந்து நிறுவ வேண்டும். ஒரு விளக்குக்காக ஆண்டுக்கணக்கில் மன்றம் ஏற யார் துணிவார்?

பெயரில்லாத குறை வேறொரு பெயரை இரவல் வாங்கும். இந்தச் சந்திலும் அதுவே நடந்தது. அம்மாளின் வீட்டார் இரண்டாம் மாதத்தில் 100க்கு அழைத்தார்கள். வெளிச்சம் என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்று எண்ணி, சத்தம் என்று சொன்னார்கள். காவலர்கள் வந்தார்கள், பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள், போனார்கள். களத்துக்காரர் சொன்னபடி நடந்தார். பத்து மணிக்கு ஆட்டம் நின்றது. ஆனால் மனைக்குக் காவல் என்று சொல்லி ஒரு விளக்கை மட்டும் விடிய விடிய எரியவிட்டார். சத்தம் என்ற முறையீடு தீர்ந்தது; தொல்லை தீரவில்லை. மேலும் முறையிட வழியும் அடைந்துபோயிற்று. ‘சத்தம் இல்லையே, பிறகு என்ன?’ என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை.

அடுத்துக் குறை இன்னொரு பெயரை வாங்கியது; இம்முறை குணத்தின் பெயர். அந்த வீட்டாருக்குக் குழந்தைகள் ஆடுவது பொறுக்கவில்லை என்று இந்தப் பக்கம். பணத்திமிர் என்று அந்தப் பக்கம். ஐம்பது ஆண்டாகியும் வெளியூர்க்காரர்கள்தாமே என்று யாரோ. பெண்கள் மாடிக்கு வரும்போது வேண்டுமென்றே பார்க்கிறார்கள் என்று வேறு யாரோ. செவிலியரின் மகள் அதுவரை அந்தக் களத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தாள். அவள் மட்டையை அலமாரியில் வைத்துவிட்டாள். ஒரு விளக்கின் கோணத்தைப் பற்றிய வேறுபாடு ஒரு சிறுமியின் விளையாட்டை நிறுத்திற்று.

உலகில் இதற்கு முன்னும் விளக்குகளுக்காக ஊர்கள் மோதிக்கொண்டதுண்டு. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு பேஸ்பால் அரங்கு வீடுகளின் நடுவே நிற்பது. பிற அரங்குகளில் இரவாட்டம் வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அங்கே விளக்கு இல்லை. 1980களில் உரிமையாளர்கள் விளக்கு கேட்டபோது குடியிருப்பாளர்கள் திரண்டு எதிர்த்தார்கள். மாநிலச் சட்டமும் நகரச் சட்டமும் குறுக்கே நின்றன. 1988இல்தான் நகரமன்றம் இசைந்தது, அதுவும் எண்ணிக்கையோடு: முதலாண்டில் 8 இரவாட்டம், பிறகு ஆண்டுக்கு 18. விம்பிள்டனில் மைய அரங்குக்குக் கூரையும் விளக்கும் 2009இல் வந்தபோது, இரவு 11 மணியோடு ஆட்டம் நிற்க வேண்டும் என்பது உள்ளூர் மன்றம் வைத்த நிபந்தனை. 2012இல் ஆண்டி மர்ரேயின் ஆட்டம் ஒன்று 11.02க்கு முடிந்தது உலகச் செய்தியானது. இரண்டு நிமிடம் செய்தியாகும் அளவுக்கு அந்த ஒரு மணிக்கு மதிப்பு இருந்தது.

வீட்டுக் களங்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் இங்கிலாந்தில் உண்டு. 2005ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, ஒரு வளாகத்திலிருந்து வெளிப்படும் செயற்கை ஒளியையும் சட்டப்படியான தொல்லைகளின் பட்டியலில் சேர்த்தது. பொது விளையாட்டுத் திடல்களுக்கு ஒரு சலுகை தந்தது: இயன்ற எல்லா முன்னேற்பாடும் செய்திருந்தோம் என்று அவர்கள் எதிர்வாதம் வைக்கலாம். தனி வீட்டுக்குள் அமைந்த களத்துக்கு அந்தச் சலுகை இல்லை. பலருக்குப் பயன்படும் ஒளியையும் ஒருவருக்கான ஒளியையும் சட்டம் பிரித்துப் பார்த்தது. பன்னிரண்டு குழந்தைகள் ஆடும் குஷாய்குடாக் களம் இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்பது நல்ல கேள்வி. அதைக் கேட்பதற்கே ஒரு சட்டச்சொல் முதலில் வேண்டியிருக்கிறது. சிட்னியில் 1995இல் ஒரு வழக்கு. அண்டை வீட்டார் கொல்லையை நோக்கி வைத்த பேரொளி விளக்குகளையும் கேமராவையும் நீதிமன்றம் தொல்லை என்று கொண்டு தடுத்தது. ஒளி பாய்வதும் பார்வை பாய்வதும் அங்கே ஒன்றாகவே எண்ணப்பட்டன. மொட்டை மாடிக்கு ஏறாமல் நின்ற பெண்கள் சொல்ல வந்ததும் அதுதான்.

நம் நாட்டில் இந்தப் பேச்சு இப்போதுதான் தொடங்குகிறது. லடாக்கில் ஹான்லே, மகாராட்டிரத்தில் பெஞ்ச் என இருள்வானப் பகுதிகள் அமைந்துவிட்டன. விண்மீன்களுக்கு இருள் தேவை என்பதை ஏற்றுக்கொண்டாயிற்று. ஐந்தரைக்கு வேலைக்குப் போகும் செவிலியருக்கும் அது தேவை என்பதை இனித்தான் ஏற்க வேண்டும்.

இத்தனைக்கும் அண்டை வீட்டுத் தொல்லைகளுள் எளிதில் தீரக்கூடியது ஒளியே. ஓசை மதிலை வளைந்து வரும். ஒளி நேராகவே வரும். திசையை மாற்றினால் போதும். ஆனால் இங்கும் பொதுப்புத்தி வழிதவறும். அம்மாளின் கணவர் ஐந்தாம் மாதத்தில் நலச்சங்கத்தின் வழியே வைத்த கோரிக்கை, கம்பத்தின் உயரத்தைக் குறைக்க வேண்டும் என்பது. களத்துக்காரரும் ஒத்துக்கொண்டு ஆறு மீட்டரை நாலரை ஆக்கினார். நிலைமை முன்னிலும் மோசமாயிற்று. குட்டைக் கம்பத்திலிருந்து களத்தின் மறு ஓரத்தை எட்ட விளக்கை நிமிர்த்த வேண்டும். நிமிர்ந்த விளக்கு மதிலைத் தாண்டி எதிர்வீட்டுச் சன்னலை நேராகப் பார்க்கும். உயரக் கம்பத்தில் கீழ்நோக்கிக் கவிழ்த்த விளக்கே அண்டை வீட்டாருக்கு நல்லது. இறகுப்பந்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆடுபவர் அண்ணாந்து பார்ப்பதால் விளக்கு களத்தின் பின்புறம் இருக்கக் கூடாது, பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருப்பவை வீடுகள்.

முடிவில் இந்தப் பிணக்கைத் தீர்த்தவர் ஓர் எலெக்ட்ரீஷியன். குட்டைக் கம்பத்தால் ஆடுபவர்களுக்கும் கண் கூசியது. அதைச் சரிசெய்ய வந்தவர் மதிலேறி இரண்டு பக்கமும் பார்த்தார். அம்மாளிடம் சன்னலருகே நின்று எது உறுத்துகிறது என்று கேட்டார். அவர் மறுபடியும் ‘தீசேய’ என்று தொடங்க, “பந்த் செய்யச் சொல்கிறீர்களா, கழற்றச் சொல்கிறீர்களா அம்மா?” என்று அவர் கேட்டார். ஏழு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. “கழற்ற எதற்கு? குழந்தைகள் ஆடட்டும். படுக்கிற நேரத்துக்கு நின்றால் போதும்” என்றார் அம்மாள். மதிலுக்கு அப்பால் நின்ற களத்துக்காரர் அதைக் கேட்டார்.

பிறகு நடந்தவை சிறிய காரியங்கள். கம்பங்கள் பழைய உயரத்துக்குப் போயின. விளக்குகள் கவிழ்க்கப்பட்டன. வீட்டுப்பக்கத்து இரண்டுக்கும் தகரத்தில் மறைப்பு வந்தது. ‘கூல் ஒயிட்’ போய் மஞ்சள் கலந்த ஒளி வந்தது. ஒன்பது மணிக்குத் தானே நிற்கும் டைமர் பொருத்தினார்கள். சனி, ஞாயிறு மட்டும் பத்து. விடிய எரிந்த காவல் விளக்கு ஆளசைந்தால் மட்டும் எரியும் விளக்காக மாறிற்று. எட்டரைக்கு வேலையிலிருந்து வரும் பெரியவர்களுக்கு அரைமணி ஆட்டமே மிச்சம். அவர்களுக்கு அதில் வருத்தம் உண்டு. அம்மாளின் சன்னலில் திரை இன்னும் தொங்குகிறது, முன்போல் முழுதும் மூடுவதில்லை. மட்டை அலமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டது. சொன்ன சொற்கள் முழுதும் மறக்கப்பட்டன என்று சொல்வதற்கில்லை.

எல்லாச் சந்துக்கும் அப்படி ஓர் எலெக்ட்ரீஷியன் வாய்க்க மாட்டார். அவர் மதிலேறிப் பார்த்ததை விதியாக எழுதிவிட முடியும். ஒளியூட்டலுக்கான பன்னாட்டு ஆணையம் ஏற்கெனவே அளவு வகுத்திருக்கிறது: புறநகர் போன்ற பகுதியில் அண்டை வீட்டுச் சன்னலில் விழும் ஒளி முன்னிரவில் 10 லக்ஸ், குறித்த நேரத்துக்குப் பின் 2 லக்ஸ். கைப்பேசி அளவில் ஒரு லக்ஸ்மானி போதும், அளந்துவிடலாம். களம் போட இசைவு தரும்போதே நேரம், கோணம், மறைப்பு, நிறம் என நான்கு வரிகளை மாநகராட்சி எழுதி வாங்கலாம். ஓசைக்கு 1987இல் செய்ததை ஒளிக்கும் செய்யலாம். இரண்டு சொற்கள் சேர்த்தால் போதும். ‘ஒளி மாசு’ என்ற தொடர் தமிழ் நாளிதழ்களில் ஏறத் தொடங்கிவிட்டது. தெலுங்கில் ‘காந்தி காலுஷ்யம்’ உண்டு. இரண்டும் இன்னும் ஏட்டில் இருக்கின்றன. மதிலோரம் நின்று, முகம் சுளிக்காமல், கேட்பவரும் கேட்கப்படுபவரும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளும் ஒரு நாட்டுச்சொல் இனித்தான் பிறக்க வேண்டும். அதுவரை ‘சத்தமா, வெளிச்சமா? நிறுத்தவா, கழற்றவா?’ என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுக்கொள்வது அண்டை வீட்டாருக்கு நல்லது.